ஆயா எழுதி வைக்காத பக்குவம்

2024 ஜூன் மாதக் கடைசியில் ஒரு நாள் இரவு, சென்னையில் சட்டம் படிக்கும் தம்பி ஒருவன் என்னை அழைத்தான். வழக்கமான நல விசாரிப்பு எதுவும் இல்லை. எடுத்த எடுப்பிலேயே கேட்டான்.

"அண்ணா, கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல இருந்து நேத்துதான் வந்தேன். வாசலுக்கு வாசல் பந்தல் போட்டிருக்காங்க. வந்து போனைத் தொறந்தா, உங்க ஸ்டேட்டஸ்ல பீர் பாட்டில் வரிசையா நிக்குது. 'நானே காய்ச்சியது'ன்னு வேற எழுதியிருக்கீங்க. எனக்கு எப்படிண்ணா இருக்கும்?"

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படத்தை எடுத்துவிட்டேன். "பாபாசாகேப் குடிக்கக் கூடாதுன்னு உறுதிமொழியே வாங்கினாரு. நீங்க காய்ச்சுறீங்க" என்று சொல்லிவிட்டு அவன் இணைப்பைத் துண்டித்தான். அன்றைக்குச் சொல்லாத பதிலை இப்போது எழுதிப் பார்க்கிறேன். இது என்னை நியாயப்படுத்திக்கொள்வதற்காக அல்ல. அவனுடைய கேள்வியில் பாதி சரி, மீதிப் பாதியை நாம் சேர்ந்துதான் யோசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் அந்த பாட்டில்கள் எப்படி வந்தன என்று சொல்லிவிடுகிறேன். மேற்படிப்புக்காக இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக்கு வந்தவன், வேலை கிடைத்து இங்கேயே தங்கிவிட்டேன். மேல்வீட்டில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் இருக்கிறார். நாற்பது வருடத்துக்கு மேலாக வீட்டிலேயே பீர் செய்கிறவர். ஒருநாள் மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி ஒன்றைக் கொண்டுவந்து, "எனக்கு முதுகு முடியவில்லை, நீ செய்து எனக்கும் கொடு" என்றார். அப்படித்தான் ஆரம்பித்தது.

வேலை பெரிய வித்தை இல்லை. முளைகட்டி உலர்த்திய பார்லியிலிருந்து எடுத்த பாகு டப்பாவில் கிடைக்கிறது. அதைத் தண்ணீரில் கரைத்து, ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூவைப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க வைக்க வேண்டும். சூடு ஆறியதும் வாளியில் ஊற்றி, 23 லிட்டர் வரும்வரை தண்ணீர் சேர்த்து, ஈஸ்ட் தூவி மூடிவிட வேண்டும். மூடியில் சின்னதாக ஒரு காற்றுப்போக்கி. மறுநாள் காலையில் அது 'குளுக் குளுக்' என்று பேச ஆரம்பிக்கும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தையும் கரியமில வாயுவையும் வெளிவிடுகிறது என்று அர்த்தம். இரண்டு வாரம் 18 முதல் 20 டிகிரிச் சூட்டில் விட்டால் அடங்கிவிடும். பிறகு பாட்டிலுக்கு அரை டீஸ்பூன் சர்க்கரை போட்டு அடைத்து, இன்னும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். கொதிக்க வைப்பதை விட எல்லாவற்றையும் கழுவுவதுதான் பெரிய வேலை. சனிக்கிழமை காலை துணி துவைக்கப் போட்டுவிட்டு இதைச் செய்வேன். மதியம் சமையல். மாலையில் ஊரிலிருந்து வந்த வழக்குக் குறிப்புகளைப் படிக்க உட்காருவேன். என் வாரத்தில் யாருக்கும் பயன்படாத, எனக்கே எனக்கான இரண்டு மூன்று மணி நேரம் அது மட்டும்தான்.

இதற்கென்று நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். தேதி, தண்ணீர் அளவு, அறைச் சூடு எல்லாம் அதில் இருக்கும். மிதவைக் கருவியை விட்டுத் திரவத்தின் அடர்த்தியையும் குறிப்பேன்: தொடக்கத்தில் 1.046, முடிவில் 1.011. அப்படியென்றால் நூற்றுக்கு நாலரைக்குச் சற்று மேல் ஆல்கஹால். எது சரியாக வந்தது, எது கெட்டது, ஏன் கெட்டது எல்லாம் அதில் உண்டு.

இரண்டாவது முறை செய்தது கெட்டுப்போனது. சரியாகக் கழுவாமல் சோம்பல்பட்டுவிட்டேன். மூடியைத் திறந்ததும் புளிச்ச வாடை மூக்கில் ஏறியது. வாளியைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றேன். அது எனக்குத் தெரிந்த வாடை. வியாசர்பாடியில், எங்கள் வீட்டு அடுப்புக்குப் பக்கத்தில், கோணிப்பை போட்டு மூடிய பானையின் வாடை.

என் ஆயா சுண்டக்கஞ்சி காய்ச்சியவள்.

வடசென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: சோற்றைப் பானையில் ஊற வைத்து, நாள் கணக்கில் புளிக்க விட்டு, வடித்துக் குடிப்பது. காய்ச்சி வடிக்கிற பட்டைச் சாராயம் இல்லை, வெறும் புளிப்பு மட்டும்தான். நேராகச் சொன்னால் அரிசி பீர். நான் லீட்ஸில் பார்லியை வைத்துச் செய்வதை அவள் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சோற்றை வைத்துச் செய்தாள். என்னுடையது பொழுதுபோக்கு. அவள் செய்தது குற்றம்.

அவளுடைய சனிக்கிழமைகள் வேறு மாதிரி இருந்தன. வாடை வெளியே போகாமலிருக்கச் சாம்பிராணி போடுவாள். பானை நாளைக்கு ஒரு இடத்தில் இருக்கும். சந்து முனையில் நிற்பது ஆறு வயதுப் பையனான என் வேலை.

"டேய், காக்கி வந்தா ஓடியாராத. ஓடியாந்தா தெரிஞ்சிடும். அங்கியே நின்னு அம்மான்னு ஒரு கத்து கத்து, போதும்."

அப்படி நான் கத்தியும் மூன்று முறை பிடித்தார்கள். ஒவ்வொரு முறையும் அடுப்படி முழுக்கக் கஞ்சி ஓடும். பானையை உடைத்துவிட்டு ஆயாவை ஜீப்பில் ஏற்றுவார்கள். அபராதம் கட்டி வெளியே வந்ததும் அவள் முதலில் செய்வது, புதுப் பானை வாங்கக் கடன் கேட்பது. என் பள்ளிக்கூட நோட்டுகள் அந்தப் பானைக் காசில் வாங்கியவை. அந்த நோட்டுகளில் திருக்குறள் இருந்தது, வாய்ப்பாடு இருந்தது. பானையைப் பற்றி ஒரு வரி கிடையாது. வீட்டில் நடப்பதை எழுதக் கூடாது, வெளியே சொல்லக் கூடாது என்பதுதான் எனக்கு முதலில் கற்றுக்கொடுத்த பாடம்.

இங்கே மேல்வீட்டுப் பெரியவரிடம் இதைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, தன் அப்பா காலத்தில் இங்கேயும் வீட்டில் பீர் செய்ய உரிமம் வேண்டும் என்றிருந்ததைச் சொன்னார். உண்மைதான். 1880இல் கொண்டுவந்த ஏற்பாடு அது. 1963இல்தான் அந்த உரிமத்தை எடுத்தார்கள். விற்காமல் வீட்டுக்கென்று செய்தால் வரி இல்லை, கேள்வி இல்லை. அதற்குப் பிறகுதான் மருந்துக்கடையிலேயே இதற்கான டப்பாக்கள் விற்கத் தொடங்கின. அமெரிக்காவில் 1978இல் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், வயதுவந்த ஒருவர் ஆண்டுக்கு 100 கேலன் வரை வீட்டில் பீர் செய்துகொள்ளலாம் என்றது. ஆனாலும் மிசிசிப்பி, அலபாமா இரண்டும் 2013 வரை மறுத்தே வந்தன. காய்ச்சி வடிப்பதற்கு இன்றும் இங்கே உரிமம் வேண்டும். அந்த வேறுபாட்டைச் சட்டம் தெளிவாக வைத்திருக்கிறது: புளிக்க வைப்பது ஒன்று, வடிப்பது இன்னொன்று.

நம் ஊரில் அந்தக் கோடு எங்கே இருக்கிறது? 1937 அக்டோபர் 1இல் ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. பிறகு அது மாகாணம் முழுவதும் பரவியது. 1971இல் தளர்த்தினார்கள், 1974இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். 1981இல் கள்ளும் சாராயமும் மீண்டும் வந்தன, 1987இல் இரண்டும் போயின. 2003இலிருந்து டாஸ்மாக் வழியாக அரசே சில்லறைக்கு விற்கிறது. வருமானம் ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. ஆட்சிகள் மாறின, கொள்கைகள் மாறின. ஆயாவின் பானை மட்டும் எந்த ஆட்சியிலும் உடைபட்டது. பீர் அளவுக்கே ஆல்கஹால் இருக்கிற கள் இன்றும் தமிழ்நாட்டில் சட்டவிரோதம், பீர் சட்டப்படி சரி. பக்கத்துக் கேரளத்தில் கள்ளுக்கடை குடும்பத்தோடு சாப்பிடப் போகிற இடம். பெங்களூரில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செம்பு அண்டாவில் பீர் கொதிப்பதைப் பார்த்துக்கொண்டே குடிக்கலாம், அதற்குப் பெயர் மைக்ரோ ப்ரூவரி.

மதுவிலக்கு இருந்த காலத்திலும் வசதியுள்ளவர்களுக்கு 'பர்மிட்' என்று ஒன்று இருந்தது. ஆயா போன்றவர்களுக்கு இருந்தது 1982ஆம் ஆண்டின் தடுப்புக் காவல் சட்டம். எல்லோரும் அதைக் குண்டர் சட்டம் என்றே சொல்கிறோம். அந்தச் சட்டம் குறிவைக்கிறவர்களின் பட்டியலில் கள்ளச்சாராயம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். விசாரணை இல்லாமலே ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம்.

இனி, தம்பி சொன்னதில் சரியான பாதிக்கு வருகிறேன்.

ஆயா விற்றது தெய்வபானம் இல்லை. அதைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய் மனைவியை அடித்தவர்கள் எங்கள் சந்திலேயே இருந்தார்கள். அந்தப் பெண்கள் மறுநாள் காலையில் ஆயாவிடம் வந்து சண்டை போட்டதை நான் பார்த்திருக்கிறேன். ஆயாவுக்கு அவர்களிடம் சொல்லப் பதில் இருந்ததில்லை. அவள் ஒரு மடக்குக்கூடக் குடித்ததில்லை. என் அப்பா குடித்தே செத்தார், நாற்பத்து நாலு வயதில். அவரைக் கொன்றது பானைக் கஞ்சி இல்லை. மூடியில் முத்திரை ஒட்டிய, சட்டப்படி சரியான குவார்ட்டர் பாட்டில்தான். ஆனால் செத்த வீட்டில் அந்த வித்தியாசத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நம் முன்னோடிகள் இதை அறியாதவர்கள் இல்லை. இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் மதுக்கடைகளுக்கு எதிராகப் பேசியவர். அயோத்திதாசர் காட்டிய பௌத்தத்தின் பஞ்சசீலத்தில் போதை தவிர்ப்பது ஒரு சீலம். 1956 அக்டோபர் 14இல் நாக்பூரில் பாபாசாகேப் மக்களோடு எடுத்த 22 உறுதிமொழிகளில் மது அருந்தமாட்டேன் என்பதும் ஒன்று. நான் அந்த உறுதிமொழிகளை எடுத்தவன் இல்லை. "அது தப்பிக்கிற வழி" என்று தம்பி சொல்வான். சரி, சொல்லட்டும். நம் தெருக்களில் குடி செய்திருக்கிற நாசத்தைப் பார்த்தவர்கள் யாரும் அந்த உறுதிமொழியை லேசாகப் பேச மாட்டார்கள். நானும் பேசமாட்டேன்.

ஆனால் அதே பாபாசாகேப் வரைவுக்குழுத் தலைவராக இருந்து உருவான அரசமைப்பை எடுத்துப் பாருங்கள். மதுவிலக்குக்கு அரசு முயல வேண்டும் என்று சொல்கிற இன்றைய 47ஆம் பிரிவு, 1948 நவம்பர் 24இல் அரசமைப்பு அவையில் விவாதத்துக்கு வந்தது. எழுந்து எதிர்த்தவர் ஜெய்பால் சிங் முண்டா, 1928 ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணியின் தலைவராக இருந்த அதே ஆதிவாசித் தலைவர். அரிசி பீர் இல்லாமல் எங்கள் மக்களின் வழிபாடே இல்லை, அதை எங்களிடமிருந்து பறிக்காதீர்கள் என்பதுதான் அவருடைய வாதத்தின் சாரம். 47ஆம் பிரிவு நிறைவேறியது. ஆனால் ஆறாவது அட்டவணையின் 12ஆம் பத்தியைப் படியுங்கள். வடகிழக்கின் தன்னாட்சி மாவட்டங்களில், காய்ச்சி வடிக்காத மதுவைத் தடுக்கிற மாநிலச் சட்டம் எதுவும், அந்த மாவட்டக் கவுன்சில் சொன்னால் ஒழிய செல்லாது என்று அதில் இருக்கிறது. 'வடிக்காத மது' என்ற பிரிப்பு நம் அரசமைப்பிலேயே இருக்கிறது. சட்டம் படிக்கிற தம்பிகள் இந்தப் பத்தியை ஒருமுறை வாய்விட்டுப் படிக்க வேண்டும். குடிக்காதே என்று தன் மக்களுக்குச் சொன்ன ஒரு தலைவர் பங்கெடுத்த அரசமைப்பு, பானையை உடைக்கிற அதிகாரத்தை எல்லா இடத்திலும் போலீஸிடம் கொடுத்துவிடவில்லை. மக்களைக் கேட்டுச் செய் என்றது. ஒழுக்கம் ஒரு விஷயம், ஜீப் வேறு விஷயம்.

கருணாபுரத்தையும் இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அங்கே 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது யாருடைய வீட்டுப் பானையும் இல்லை. தொழிற்சாலையில் கரைப்பானாகப் பயன்படுகிற மெத்தனால். அது உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்குகிறது. கண் மங்குவது அதனால்தான். சோற்றையோ பார்லியையோ புளிக்க வைத்தால் அந்த அளவு மெத்தனால் வராது. அது லாரியில் வருகிறது, கையூட்டில் வருகிறது. செத்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள், கணிசமானவர்கள் நம் மக்கள். அதற்குப் பிறகு மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, உயிர்ப்பலி நடந்தால் ஆயுள் தண்டனை வரை என்று ஆக்கினார்கள். விஷம் விற்றவனுக்கு அது வரட்டும். ஆனால் தண்டனை கூடும்போது முதலில் கதவு தட்டப்படுவது எந்தத் தெருவில் என்று நமக்குத் தெரியும். கள்ளச்சாராயம் என்ற ஒரே சொல்லுக்குள் மெத்தனால் வியாபாரியையும் சோறு புளிக்க வைத்த கிழவியையும் சேர்த்து அடைக்கிறார்களா என்று பார்ப்பது நம் வேலை.

இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் வாளி வாங்கி வைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் அது குற்றம், ஒரு வழக்கு விழுந்தால் நம் பிள்ளைகளுக்குப் படிப்பும் வேலையும் போகும். நான் சொல்ல வருவது பீரைப் பற்றி மட்டும் இல்லை.

பொழுதுபோக்கு என்றால் என்ன என்று இந்த வாளியை வைத்துத்தான் எனக்குப் புரிந்தது. கெட்டுப்போன 23 லிட்டரை நான் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டிவிட்டு, நோட்டில் 'சரியாகக் கழுவவில்லை' என்று எழுதினேன். அவ்வளவுதான். ஆயாவால் ஒரு படியைக்கூடக் கொட்ட முடியாது, கொட்டினால் மறுநாள் உலை இல்லை. தவறு செய்து பார்க்கலாம், எழுதி வைக்கலாம், அடுத்தவருக்குக் காட்டலாம், யாரும் கதவைத் தட்டமாட்டார்கள். இதெல்லாம் இருந்தால்தான் ஒரு வேலை பொழுதுபோக்கு ஆகிறது. கைத்திறனுக்கும் குற்றத்துக்கும் நடுவே இருக்கிற சுவர் பல நேரம் இவ்வளவுதான்.

என்னை வாட்டுகிற விஷயம் இன்னொன்று. பார்லியை முளைகட்டினால் அதன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதி தானாக உண்டாகிவிடும். வெந்த சோற்றில் அது கிடையாது. வேறு ஏதாவது சேர்த்தால்தான் ஈஸ்டுக்குத் தின்னச் சர்க்கரை கிடைக்கும். ஜார்க்கண்டில் ஹண்டியா செய்கிறவர்கள் ராணு என்கிற உருண்டையைச் சேர்க்கிறார்கள். அஸ்ஸாமில் திமாசா மக்கள் ஒரு காட்டு மூலிகையைச் சேர்த்து ஜூடிமா என்ற அரிசி பீர் செய்கிறார்கள், அதற்கு 2021இல் புவிசார் குறியீடே கிடைத்தது. அப்படியென்றால் என் ஆயாவும் ஏதோ சேர்த்திருக்க வேண்டும். கூரை விளிம்பில் ஒரு துணி முடிச்சு செருகியிருக்கும். அதைப் பிரித்து எதையோ கிள்ளிப் போடுவாள். அது என்ன என்று எனக்குத் தெரியாது. எங்கிருந்து வந்தது, எவ்வளவு போட வேண்டும், மழைக்காலத்தில் எத்தனை நாள், வெயிலில் எத்தனை நாள், எதுவும் தெரியாது. என் நோட்டில் இருப்பதெல்லாம் அவளுக்கு விரல் நுனியில் இருந்தது. எழுதத் தெரிந்திருந்தாலும் அவள் எழுதியிருக்கமாட்டாள். எழுதினால் அது பக்குவம் இல்லை, சாட்சியம்.

போன மாதம் தம்பி மறுபடி பேசினான். இதையெல்லாம் சொன்னேன். பாதியை ஒத்துக்கொண்டான். "அந்த ஸ்டேட்டஸை அன்னிக்குப் போட்டிருக்கக் கூடாதுண்ணா" என்றான். ஆமாம், போட்டிருக்கக் கூடாது. பிறகு கொஞ்சம் தயங்கி, "ஆயா பக்குவம் யாருக்காவது தெரியுமான்னு கேளுங்க. எழுதியாவது வைப்போம்" என்றான்.

ஆயா போய்ப் பல வருடமாகிறது. ஆயாவோடு கடைசிவரை இருந்தவள் என் அத்தை, இப்போது அவளுக்கே எழுபதுக்கு மேல். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டேன். சளி, மூட்டுவலி, ரேஷன் கடை எல்லாம் பேசி முடித்த பிறகு மெதுவாகக் கேட்டேன்.

"அத்தே, ஆயா கஞ்சிக்கு அந்த முடிச்சுல இருந்து என்னமோ போடுமே, அது இன்னா?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வீட்டில் யாரோ டிவி பார்க்கிற ஒலி மட்டும் கேட்டது. அத்தை எழுந்துபோய்க் கதவைச் சாத்துவது தெரிந்தது. திரும்ப வந்து, குரலைத் தணித்துச் சொன்னாள்.

"போன்ல அதெல்லாம் பேசாதடா. நேர்ல வா, சொல்றேன்."